காய்ச்சல் போன பின்னும் போகாத அசதி: நாள்பட்ட சோர்வு நோய்க்கு வைரஸ்தான் காரணமா?

ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டி ஓய்ந்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் மருத்துவமனைகளில் காய்ச்சல் வரிசை நீளும். டெங்கு, சிக்குன்குனியா, பெயர் வைக்கப்படாத 'வைரஸ் காய்ச்சல்' என்று ஏதோ ஒன்று வீட்டுக்கு வீடு வந்துபோகும். பெரும்பாலானோர் இரண்டு மூன்று வாரங்களில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். சிலரால் முடிவதில்லை. தட்டணுக்கள் ஏறியாயிற்று, காய்ச்சல் விட்டு மாதங்களும் ஓடிவிட்டன. ஆனாலும் உடம்பு அடித்துப் போட்டாற்போலவே கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் 'நார்மல்' என்று வருகிறது. "அந்த வைரஸ் இன்னும் உள்ளேயே இருக்கிறதா?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

இணையத்தில் தேடினால் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். நாள்பட்ட சோர்வு நோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறது ஒன்று. அந்தக் கண்டுபிடிப்பே தவறு என்று நிரூபணமாகிவிட்டது என்கிறது மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் உண்மையான ஆய்வுகள் உண்டு. நடந்ததை அடியிலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

அசதி வேறு, இந்த நோய் வேறு

நாள்பட்ட சோர்வு நோயை மருத்துவ உலகம் 'எம்இ/சிஎஃப்எஸ்' என்று சுருக்கமாகக் குறிக்கிறது. 'சிஎஃப்எஸ்' என்பது இந்தப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம்; 'எம்இ' எப்படி வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய மருத்துவக் கழகம் 2015-ல் வகுத்த அடையாளங்கள் இவை:

1. முன்பு செய்துவந்த வேலை, படிப்பு, வீட்டுக் காரியங்கள் பெருமளவு குறைந்துபோய், அந்த நிலை ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும்.
2. உழைப்புக்குப் பிறகு உடல்நிலை சரிய வேண்டும்.
3. எவ்வளவு தூங்கினாலும் தூங்கி எழுந்த தெளிவு இருக்காது.
4. இவற்றோடு, ஒன்று நினைவும் கவனமும் மங்கியிருக்க வேண்டும். அல்லது நிமிர்ந்து நின்றாலோ உட்கார்ந்தாலோ தலைசுற்றல், படபடப்பு போன்ற தொல்லைகள் கூட வேண்டும்.

இரண்டாவது அடையாளம்தான் இந்த நோயின் கையெழுத்து. தேவனாம்பட்டினத்தில் மீன் கூடை சுமக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்று மஞ்சக்குப்பம் வரை கூடையோடு போய்வருகிறார். அன்று மாலை சமாளித்துவிடுகிறார். செவ்வாய் இரவோ புதன்கிழமையோ பாயை விட்டு எழ முடியவில்லை. அந்தச் சரிவு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீள்கிறது. சாதாரணக் களைப்பு ஓய்வெடுத்தால் தீரும், பழகப் பழகக் குறையும். இந்த நோயில் நேற்றைய உழைப்புக்கான விலையை நாளை கொடுக்க வேண்டியிருக்கிறது. "மனசைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்து நட" என்று வீட்டார் சொல்வது பலிக்காமல் போவதற்கும், சில நேரம் கெடுதலாகவே முடிவதற்கும் காரணம் இதுதான்.

இதை உறுதிசெய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று இதுவரை எதுவும் இல்லை. அதனால் முதலில் மற்றவற்றை விலக்க வேண்டும். நம் ஊரில் தீராத அசதிக்குப் பின்னால் ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், காசநோய், மனச்சோர்வு போன்றவை இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுக்கு மருந்து உண்டு. எந்த வைரஸைத் தேடுவதற்கும் முன்னால் தேட வேண்டியவை இவையே.

வைரஸ் மேல் ஏன் சந்தேகம் வந்தது?

நோய் ஊர்க்கூட்டமாக வந்ததால்தான். 1934-ல் லாஸ் ஏஞ்சலஸ் பொது மருத்துவமனையின் ஊழியர்கள் 198 பேர், 1948-49-ல் ஐஸ்லாந்தின் அக்குரேரி நகர மக்கள், 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஊழியர்கள் 292 பேர் என்று கொத்துக் கொத்தாக நோயுற்றார்கள். ராயல் ஃப்ரீ மருத்துவமனையையே மாதக்கணக்கில் மூட வேண்டியிருந்தது. தொற்று என்று நினைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? மறு ஆண்டு லான்செட் இதழ் இதற்கு 'மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்' என்று பெயர் சூட்டியது. தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி என்பது பொருள். இன்றைய 'எம்இ' அதன் சுருக்கம்.

1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் ராயல் ஃப்ரீ நோயாளிகள் எவரையும் நேரில் பரிசோதிக்காமல், பழைய மருத்துவக் குறிப்புகளை மட்டும் புரட்டிவிட்டு, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. நோயாளியின் வார்த்தையை அப்படித் தள்ளிவிட்டது இந்த நோயின் வரலாற்றிலேயே பெரிய அநியாயம் என்பேன். உண்மையான ஆய்வுகள் பல ஆண்டுகள் பின்தங்கியதில் அந்த முத்திரைக்குப் பெரும் பங்குண்டு.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து இன்க்லைன் வில்லேஜ் என்ற சிற்றூரில் இன்னொரு கூட்டம் நோயுற்றது. இந்த முறை ஒரு வைரஸின் பெயரே அடிபட்டது: எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக இபிவி. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, 1964-ல் கண்டறியப்பட்டது, எச்சில் வழியே பரவும், இளவயதினருக்குத் தொண்டைப்புண்ணும் நெறிகட்டுதலும் கூடிய காய்ச்சலை உண்டாக்கும். நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள்கள், அதாவது அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள், இருந்தன. 'நாள்பட்ட இபிவி நோய்' என்றுகூடப் பேச்சு கிளம்பிவிட்டது.

'பாசிட்டிவ்' என்றால் என்ன பொருள்?

இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். வைரஸ் பரிசோதனைகளில் இரண்டு வகை முக்கியமானவை.

முதலாவது எதிர்ப்பொருள் பரிசோதனை. வைரஸ் வந்துபோனதற்கு உடம்பு வைத்திருக்கும் பதிவேட்டைப் படிப்பது போன்றது. ஐஜிஜி என்ற வகை இருந்தால், அந்தக் கிருமி எப்போதோ ஒரு நாள் உடலுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். போன மாதமாக இருக்கலாம். மூன்று வயதில் ஒரு நாளாகவும் இருக்கலாம்.

உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இபிவி ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. கடலூர் பேருந்து நிலையத்தில் நிற்கும் நூறு பெரியவர்களைச் சோதித்தால் தொண்ணூறு பேருக்கு மேல் 'பாசிட்டிவ்' வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அவர்களில் ஐந்து பேருக்குத் தீராத அசதி இருந்து, அந்த ஐவருக்கும் பாசிட்டிவ் வந்தால் அதிலிருந்து என்ன தெரிகிறது? அந்த ஐவரும் காபி குடிக்கிறவர்கள் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். நோயுற்றவர்களிடம் இருக்கிறது என்றால் போதாது. நலமாக இருப்பவர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்ற ஒப்பீடு வேண்டும்.

அந்த ஒப்பீட்டில் இபிவி தேறவில்லை. 1988-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிபுணர் குழு வைரஸின் பெயரையே கைவிட்டு, 'நாள்பட்ட சோர்வு நோய்' என்று பொதுப் பெயர் வைத்தது. அதே ஆண்டு, இபிவி வகை வைரஸ்களைத் தடுக்கும் அசைக்ளோவிர் மருந்தை 27 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் வெளிவந்தது. உண்மை மருந்துக்கும், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்துக்கும் பலனில் வித்தியாசமே இல்லை.

இரண்டாவது பரிசோதனை பிசிஆர். கொரோனா காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டுவரும் முறை இது. ஒரே ஒரு துணுக்கில் தொடங்கினால் 30 சுற்று முடியும்போது 107 கோடிப் பிரதிகள் ஆகிவிடும். அதன் பலமும் அதுதான், அபாயமும் அதுதான். வெளியிலிருந்து ஒரு துணுக்குத் தூசியாக விழுந்தாலும் அதுவும் 107 கோடி ஆகும். அடுத்து நடந்த பெரிய விபரீதத்துக்கு வித்து இங்கேதான் இருந்தது.

எக்ஸ்எம்ஆர்வி: மூன்றே ஆண்டில் எழுந்து விழுந்த நம்பிக்கை

2009 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நெவாடாவின் ரெனோ நகரில் இருந்த விட்டமோர் பீட்டர்சன் நிலையமும் அதன் கூட்டாளிகளும் 101 நோயாளிகளில் 68 பேரின் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸைக் கண்டதாக அறிவித்தார்கள். நலமாக இருந்த 218 பேரில் 8 பேரிடம் மட்டுமே அது இருந்தது. மேலே கேட்ட ஒப்பீடு இதோ கிடைத்துவிட்டது: ஒரு பக்கம் 67 சதவீதம், மறுபக்கம் 3.7 சதவீதம்.

எலிகளிடம் காணப்படும் ரெட்ரோவைரஸ்களின் உறவுக்கார வைரஸ் அது. ரெட்ரோவைரஸ் என்பது எச்ஐவி போல நம் மரபுப்பொருளுக்குள்ளேயே தன்னை நுழைத்துக்கொள்ளும் வகை. நலமானவர்களிலேயே நூற்றுக்கு நான்கு பேர் அதைச் சுமக்கிறார்கள் என்றால் ரத்த தானம் என்ன ஆவது? கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் இந்த நோய் உள்ளவர்களிடம் ரத்தம் வாங்குவதை நிறுத்தின. சில நோயாளிகள் எச்ஐவி மருந்துகளையே வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'உனக்கு ஒன்றுமில்லை' என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களுக்கு முதன்முறையாக 'உனக்கு இருப்பது இதுதான்' என்ற சொல் கிடைத்திருந்தது.

பிறகு ஒவ்வொரு கல்லாகப் பெயர்ந்தது:

1. 2010 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 186 நோயாளிகளைச் சோதித்தார்கள். ஒருவரிடமும் வைரஸ் இல்லை. மற்ற நாடுகளின் ஆய்வகங்கள் பலவும் கையை விரித்தன.

2. 2011-ல் அந்த வைரஸின் பிறப்பிடம் தெரிந்தது. 1990-களில் மனிதப் புராஸ்டேட் புற்றுக்கட்டி ஒன்றை ஆய்வக எலிகளின் உடலில் வளர்த்தபோது, எலியின் மரபுப்பொருளில் கிடந்த இரண்டு வைரஸ் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து எக்ஸ்எம்ஆர்வி உருவாகியிருந்தது. அதே கலப்பு வேறெங்காவது தானாக இன்னொரு முறை நடக்க லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் பல ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருந்தன. வைரஸும் அவற்றோடு பயணம் செய்தது.

3. அதே ஆண்டு, ஒன்பது ஆய்வகங்களுக்குப் பெயர் மறைத்த ரத்த மாதிரிகளை அனுப்பினார்கள். முன்பு வைரஸ் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களின் ரத்தமும் அதில் இருந்தது, நலமானவர்களின் ரத்தமும் இருந்தது. இரண்டு ஆய்வகங்கள் மட்டுமே 'இருக்கிறது' என்றன. அவையும் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் சொல்லின. எது யாருடைய ரத்தம் என்று தெரியாதபோது வித்தியாசம் மறைந்துவிட்டது.

4. 2011 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழ் ஆய்வுக் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது.

5. 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் தலைமையில் இறுதிச் சோதனை நடந்தது. 147 நோயாளிகள், 146 நலமானவர்கள். முதல் ஆய்வை நடத்தியவர்களும் இதில் பங்கேற்றார்கள். எக்ஸ்எம்ஆர்வி ஒருவரிடமும் இல்லை. முடிவை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

நடந்தது என்ன என்பதற்கு நம் ஊர் மாவு மில்லே உதாரணம். மிளகாய் அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் பச்சரிசியைக் கொட்டினால் மாவு காரமடிக்கும். காரம் அரிசியில் இருந்ததில்லை, இயந்திரத்தில் ஒட்டியிருந்தது. யாருடைய அரிசி மிளகாய்க்குப் பின்னால் விழுந்ததோ அவர் மாவுதான் காரமடிக்கும். இரண்டு பேரின் அரிசியையும் ஒரே நேரத்தில், ஒரே கையால், பெயர் தெரியாமல் அரைத்தால்தான் உண்மை தெரியும். மூன்றாவது, ஐந்தாவது சோதனைகள் செய்தது அதைத்தான்.

ஆனால் 'எக்ஸ்எம்ஆர்வி இல்லை' என்ற செய்தி மக்களிடம் வந்து சேர்ந்தபோது, 'வைரஸுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை' என்றும், இன்னும் சிலரிடம் 'நோயே இல்லை' என்றும் உருமாறிவிட்டது. ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. தவறான ஆளைப் பிடித்து விடுவித்ததால் திருட்டே நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

டப்போ ஊர் காட்டிய வேறொரு வழி

இந்தக் கூச்சலுக்கெல்லாம் முன்பே, 2006-ல், சத்தமில்லாமல் ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. என் கணிப்பில் இந்தத் துறையில் நாம் அதிகம் கற்க வேண்டியது அதில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்நாட்டு ஊர் டப்போ. அங்கே ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்து பின்னோக்கி வைரஸைத் தேடவில்லை. காய்ச்சல் வந்த நாளிலிருந்து முன்னோக்கிப் போனார்கள். மூன்று வெவ்வேறு தொற்றுகளில் ஒன்று உறுதியான 253 பேரைச் சேர்த்து, ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். முதல் தொற்று இபிவி. இரண்டாவது ராஸ் ரிவர் வைரஸ். கொசுவால் பரவுவது, நமக்குத் தெரிந்த சிக்குன்குனியாவின் அதே ஆல்ஃபா வைரஸ் வகை. மூன்றாவது க்யூ காய்ச்சல். ஆடு மாடுகளிடமிருந்து வரும், வைரஸே அல்லாத ஒரு பாக்டீரியா.

அசதி நீடித்தவர்கள் ஆறாவது வாரத்தில் 35 சதவீதம், மூன்றாம் மாதத்தில் 27, ஆறாம் மாதத்தில் 12, ஓராண்டில் 9. ஆறாம் மாதத்தில் 28 பேர் நாள்பட்ட சோர்வு நோயின் வரையறைக்குள் வந்தார்கள். மூன்று கிருமிகளுக்கும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன:

1. காய்ச்சலுக்குப் பின் ஆறு வாரம் அசதி இருப்பது மூவரில் ஒருவருக்கு நடப்பது. அவர்களில் பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறுகிறார்கள்.
2. உடலமைப்பிலும் பரவும் விதத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கிருமிகள் ஒரே நோயில் கொண்டுவிட முடியும். அப்படியானால் 'அந்த ஒரு வைரஸ் எது?' என்ற கேள்வியே பொருந்தவில்லை. தீக்குச்சி எந்த நிறுவனத்தினுடையது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டியது கூரை ஏன் பற்றிக்கொண்டது, ஏன் அணையவில்லை என்பது.
3. யாருக்கு நோய் நீடிக்கும் என்று முன்கூட்டிக் காட்டியது முதல் காய்ச்சலின் கடுமை. வயதோ படிப்போ முன்பிருந்த மனநிலையோ அதைக் காட்டவில்லை. 1970-ல் குத்திய ஹிஸ்டீரியா முத்திரைக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

கொரோனா இதே பாடத்தை உலக அளவில் நடத்தியது. 2025-ல் வெளியான அமெரிக்க 'ரெகவர்' ஆய்வில் கொரோனா தொற்றியவர்களில் 4.5 சதவீதம் பேர் இந்த நோயின் வரையறைக்குள் வந்தார்கள், தொற்றாதவர்களில் 0.6 சதவீதம்.

கிருமி போன பிறகு எது மிச்சம்?

ஆய்வாளர்கள் இன்று மூன்று திசைகளில் தேடுகிறார்கள். வைரஸின் துணுக்குகள் குடல் போன்ற திசுக்களில் தங்கி, எதிர்ப்புச் சக்தியைச் சீண்டிக்கொண்டே இருக்கலாம். இபிவி போல உடலில் உறங்கும் பழைய வைரஸ்களைப் புதிய தொற்று எழுப்பிவிடலாம். எதிர்ப்புச் சக்தியே சொந்த உடலுக்கு எதிராகத் திரும்பியிருக்கலாம். மூன்றில் எதுவும் இன்னும் உறுதியாகவில்லை. கடைசி ஊகத்தை நம்பி நார்வேயில் 151 பேருக்கு ரிடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவில் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. 2025 ஆகஸ்டில் பிரிட்டனின் 'டிகோட்எம்இ' ஆய்வு 15,579 நோயாளிகளின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் குறித்தது. அவற்றில் சில தொற்றை எதிர்க்கும் அமைப்பையும் சில நரம்பு மண்டலத்தையும் சேர்ந்தவை.

ஒரு வைரஸ்தான் காரணம் என்று நிரூபிப்பது எப்படி இருக்கும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் இபிவிக்கும் உள்ள தொடர்பை 2022-ல் உறுதிசெய்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களிடம் இருபது ஆண்டுகளாகச் சேமித்து வைத்த ரத்தம் கையில் இருந்தது. இபிவி தொற்றிய பிறகு அந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது; அதேபோல் பரவும் இன்னொரு ஹெர்பிஸ் வைரஸால் கூடவில்லை. தொற்று முதலில், நோய் பிறகு என்ற வரிசையை அங்கே கண்ணால் பார்க்க முடிந்தது. நோய் வந்த பிறகு எடுத்த ரத்தம் அந்த வரிசையைச் சொல்லாது.

கடலூர், புதுச்சேரிக்கு இதில் என்ன இருக்கிறது?

1. மாதக்கணக்கில் அசதி என்று போகும்போது இபிவி ஐஜிஜி பரிசோதனைக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை. 'பாசிட்டிவ்' வந்தால் நீங்களும் அந்தத் தொண்ணூறு பேரில் ஒருவர், அவ்வளவுதான். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை ஆகியவை பயன் தருபவை.

2. சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீளும் மூட்டுவலி தனி விஷயம். வலியால் முடங்குவதும், உழைத்த மறுநாள் சரிவதும் வெவ்வேறு. மருத்துவரிடம் பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். என்றைக்கு என்ன வேலை செய்தோம், என்றைக்குச் சரிந்தோம் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

3. வைரஸ் கொல்லி மருந்தோ 'வைரஸை வெளியேற்றும்' கஷாயமோ இந்த நோயைக் குணமாக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். தாங்கும் எல்லைக்குள் வேலையைப் பிரித்துச் செய்வதே இப்போதைக்குக் கைகொடுப்பது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைப் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டியிலிருந்து நீக்கிவிட்டது.

4. டப்போவில் செய்ததை இங்கேயும் செய்யலாம். 2006-ல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா இருப்பதாகப் பதிவானது. தமிழகமும் அதில் தப்பவில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இந்திரா நகரில் 1975 முதல் கொசு முதலான நோய்க்கடத்திகளை ஆராயும் ஐசிஎம்ஆர் மையம் இருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு மழைக்கும் காய்ச்சல் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நிற்பவரிடம் சம்மதம் கேட்டு முதல் நாளே ஒரு குழாய் ரத்தத்தை உறையவைக்க வேண்டும். பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நான்கு முறை கூப்பிட்டு, "கூடை தூக்க முடிகிறதா? தூக்கிய மறுநாள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.